பனமலை ஏரியும் மாம்பலம் ஏரியும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அருகிலுள்ள பனமலைக்கு வருவோர் சிலரே. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராசசிம்மன், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள குன்றின்மேலும் ஒரு கோயிலை எழுப்பினான். அங்குள்ள பார்வதி ஓவியத்தைப் பார்த்து முடித்ததும், கீழே விரிந்து கிடக்கும் ஏரியையும் சற்று நின்று பாருங்கள்.

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. மேட்டு நிலம் மழையைத் திரட்டித் தருவதற்கு. கரைக்குக் கீழுள்ள ஆயக்கட்டு பயிருக்கு. மிஞ்சும் நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு. எந்த நிலம் எதற்கு என்ற ஏற்பாடு இது. இன்று ‘நிலப் பயன்பாட்டுத் திட்டம்’ என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறோமே, அதுதான்! இதைக் கண்காணிக்க ஏரி வாரியம் இருந்ததை 10ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன.

அந்த ஏற்பாட்டைக் கலைத்தால் என்ன ஆகும்? சென்னையைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்ட ஏரி ஒன்று அங்கே இருந்தது. ஆங்கிலேயர் அதை ‘லாங் டாங்க்’ என்றனர். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் ஏரி சிறிது சிறிதாக வடிக்கப்பட்டது. தியாகராய நகரும் அதன் சுற்றுப்புறங்களும் எழுந்தன. இதில் ஒரு விந்தை உண்டு. ஏரி அழிந்தது திட்டம் இல்லாததால் அன்று, திட்டத்தினாலேயே!

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் கிடைப்பது 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் ஒரு பகுதி உள்ளே இறங்கும். தாரும் சிமெண்டும் மூடினால் ஏறக்குறைய முழுவதும் தெருவில் ஓடும். 2021 நவம்பரில் மாம்பலம், தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2019 ஜூலையில், இதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். நம் கணக்குப்படி, இரண்டரை ஹெக்டேரில் பெய்யும் ஒரு மழைக்குச் சமம்!

2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே, கட்டணம் பெற்று அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்துவிட்டன. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் செஞ்சிப் பக்கத்துச் சாலைகளிலும் இப்போது வயல்களில் மனைக்கற்கள் தென்படுகின்றன.

உங்கள் வீட்டில் மனை வாங்கும் பேச்சு எழுந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்திலோ அதையொட்டியோ ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘ஏரி’ என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.