தீ வண்டி ஏன் டவுன்லயே நிக்குது?

போன சித்திரையில எங்க தெருக்கோடியில ஒரு வைக்கோல் போர் பத்திக்கிச்சு. 101-க்குப் போன் போட்டோம். தீயணைப்பு வண்டி பதினாறு கிலோமீட்டர் ஓடி, நடுவுல ரயில்வே கேட்ல நின்னு, வந்து சேர முக்கால் மணி நேரம் ஆச்சு. வந்தவங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. இறங்கின நிமிஷத்திலிருந்து உசுரைக் குடுத்து வேலை பார்த்தாங்க. ஆனா அதுக்குள்ள போர் சாம்பல். பக்கத்து மாட்டுக் கொட்டகை தப்பிச்சது, நாங்க இழுத்துவிட்ட டீசல் இஞ்சினால.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில ஒரு பெரியவர் கேட்டார்: “ரோடு வந்துச்சு, கரண்டு வந்துச்சு, கையில போனும் வந்துச்சு. தீ வண்டி மட்டும் ஏன்டா இன்னும் டவுன்லயே நிக்குது?” பதில் தெரியாமல் தேடப் போனேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப டெல்டாவில் பாதி ஊர் கீற்றுக் கூரைதான். தீ என்று ஒரு குரல் கேட்டால் எரிகிற வீட்டுக்கு யாரும் முதலில் ஓட மாட்டார்கள். அது போனது போனதுதான். காத்து அடிக்கிற பக்கம் இருக்கும் அடுத்த வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். கூரை மேல ஏறி ஈரச் சாக்கைப் போர்த்துவார்கள். முடியாவிட்டால் அந்த வீட்டுக் கீற்றையே பிய்த்து இழுத்துப் போடுவார்கள். ஒரு கூரையைக் கொடுத்து ஒரு தெருவைக் காப்பாற்றுகிற கணக்கு அது. வாய்க்காலிலிருந்து குடம் கைமாறி வரும். தீபாவளிக்கு முந்தின சாயங்காலமே கூரையை நனைத்து வைப்பதும் உண்டு. மறுநாள் தாசில்தார் ஆபீசிலிருந்து கொஞ்சம் பணம், அரிசி, வேட்டி, சேலை வரும். தீயை அணைக்க வராத சர்க்கார், அணைந்த பிறகு ஆறுதல் சொல்ல வரும்.

இதற்குக் காரணம் தீயணைப்புத் துறை பிறந்த விதம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்துக்காக ஆரம்பித்த ஏற்பாடு அது. கிடங்கு, துறைமுகம், கடைத்தெரு எங்கேயோ அங்கேதான் வண்டி. பிறகு மாவட்டத் தலைநகரம், தாலுகா ஊர் என்று மெல்லப் பரவியது. 1985-ல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வந்தது. இன்றைக்கு மாநிலத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிராம ஊராட்சிகள். தீயணைப்பு நிலையங்களோ சில நூறு.

அரசியல் சட்டத்திலும் இந்தக் கோடு இருக்கிறது. 1992-ல் 73, 74-வது திருத்தங்கள் வந்தபோது ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தனித்தனியாகப் பட்டியல் போட்டார்கள். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் 18 இனங்கள், ஏழாவது, தீயணைப்பு. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 இனங்கள். எரிபொருளும் தீவனமும் அதில் உண்டு. அதாவது விறகும் வைக்கோலும் எங்க பொறுப்பு. தீயணைப்பு கிடையாது! நம்ம மாநிலத்தில் நகரத்துக்கும் சேர்த்து மாநிலத் துறைதான் இந்த வேலையைப் பார்க்கிறது. வந்து அணைத்ததற்கு யாரிடமும் காசு கேட்பதில்லை. அது பெரிய விஷயம். ஆனால் தீக்கென்று ஊராட்சிக்குத் தனிப் பொறுப்பும் இல்லை, தனி நிதியும் இல்லை.

அப்படியென்றால் கூரை தீ எப்படிக் குறைந்தது? வண்டி கிட்டே வந்ததால் அல்ல, கூரை மாறியதால். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அதன்பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அவசர அவசரமாகப் பிரித்தார்கள். 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்தில் காங்கிரீட் வீடாக்குவோம் என்றது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் இன்னும் எட்டு லட்சம் வீடு என்றது. எங்க ஊர்களுக்குக் கிடைத்த பெரிய தீயணைப்புச் செலவு இந்த வீட்டுப் பணம்தான் என்று நான் சொல்வேன்.

ஆனா வைக்கோல் போருக்குக் காங்கிரீட் போட முடியாதே. கரும்புத் தோட்டத்துக்கும் முடியாது. மத்திய ஆலோசனைக் குழு போட்ட கணக்கில் நகரத்துக்கு ஐந்து முதல் ஏழு நிமிஷத்தில் வண்டி வரணும், கிராமத்துக்கு 20 நிமிஷத்தில். காய்ந்த போருக்கு அந்த இருபதே ஜாஸ்தி. பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்து, 2023-ல் தீயணைப்பை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அது இந்தியா முழுமைக்கும்.

வண்டி வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர்தான். முழு வேகத்தில் விட்டால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். திரும்ப நிரப்பணும். தீ என்றதும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். போர் மோட்டார் ஓடாது. மிச்சம் குளம்தான். எங்க குளத்தில் தண்ணீர் இருந்தது, ஆனா வண்டி இறங்க வழியில்லை. கரை முழுக்கக் கருவை. ஊரின் உண்மையான தீ வண்டியை நாங்களே முள்ளுக்குள் நிறுத்தி வைத்திருந்தோம்.

மே 1 கிராம சபையில் ரெண்டு தீர்மானம் போட்டோம். ஒன்று, பத்து கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம் கேட்டு மனு. அது எப்ப வருமோ, வரும்போது வரட்டும். இன்னொன்று, குளத்துக்கு வண்டி இறங்க ஒரு சரிவு. கருவையை வெட்டி முடித்தாகிவிட்டது. இந்த வருஷம் போர் போடும்போது எல்லாரும் கரண்டு கம்பியைவிட்டு விலகித்தான் போட்டிருக்கிறோம். கேள்வி கேட்ட பெரியவர்தான் இப்ப இஞ்சினுக்கு டீசல் இருக்கான்னு வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்க்கிறார்.