ரொட்டிப் பலகையும் ஈயம் உறிஞ்சியும்

 

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், மகள் அறிவியல் கண்காட்சிக்கு பிரெட்போர்டு வேணும்ங்கிறா. ரொட்டிக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் என்ன சார் சம்பந்தம்?" நாலு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் இந்த நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

சம்பந்தம் நேரடியானதுதான். 1920-களில் அமெரிக்காவில் வீட்டிலேயே ரேடியோ செய்யும் மோகம் பரவியது. சர்க்யூட்டை எதன் மேல் கட்டுவது? சமையலறையில் ரொட்டி நறுக்கும் மரப்பலகை இருந்தது. அது தட்டையானது, மின்சாரம் கடத்தாதது, ஆணியும் திருகும் இறங்கக் கூடியது. அதன் மேல் வால்வு, காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் திருகி, வெற்றுக் கம்பிகளால் இணைத்தார்கள். பிலடெல்பியாவின் அட்வாட்டர் கென்ட் நிறுவனம் பலகை மேல் திறந்தபடியே பொருத்திய ரேடியோக்களை விற்பனைக்கே கொண்டுவந்தது. இன்று அவற்றை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். மரப்பலகை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்து வேலையில் ஒரு வசதி உண்டு. ஒரு பாகம் சரியில்லையென்றால் திருகைத் தளர்த்தினால் போதும். ஈயம் வைத்த இணைப்பாக இருந்தாலும் சால்டரிங் அயர்னைக் காட்டி, உருகியதும் கம்பியை இழுத்தால் வந்துவிடும். இரண்டு கால் உள்ள பாகத்தை ஒவ்வொரு காலாகக் கழற்றலாம். கழற்றுவது பெரிய வித்தையாக இருக்கவில்லை.

அதைக் கடினமாக்கியது பிசிபி. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் 1936-ல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். கம்பிகளுக்குப் பதிலாக, காப்புப் பலகையில் ஒட்டிய செப்புத் தகட்டில் பாதைகளை உருவாக்கி அதிலேயே ஒரு ரேடியோவை அமைத்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில், இலக்கை நெருங்கியதும் வெடிக்கும் குண்டுகளின் உள்ளே அச்சுச் சுற்று பயன்பட்டது. போருக்குப் பின் அது ரேடியோவுக்கும் டிவிக்கும் வந்தது. விலை குறைந்தது, உற்பத்தி பெருகியது. ஆனால் பாகத்தின் கால் இப்போது ஒரு துளைக்குள் நுழைந்து, சுற்றிலும் ஈயம் இறுகி நிற்கிறது. அதிக நேரம் சூடு காட்டினால் செப்புப் பாதையே பலகையிலிருந்து உரிந்து வந்துவிடும்.

அடுத்து வந்தது ஐசி. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனம் இரு வரிசைக் கால்கள் கொண்ட ஐசி உறையை வடிவமைத்தது. நீங்கள் எல்லோரும் "கரப்பான் பூச்சி" என்று பெயர் வைத்திருந்தீர்களே, அதேதான். 14 கால்கள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் 2.54 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. இதைக் கழற்ற ஒரு காலைச் சூடாக்கி இழுத்தால் மற்ற 13 கால்களும் பிடித்துக்கொள்ளும். ஆக, ஈயத்தை உருக்கினால் மட்டும் போதாது, உருகிய ஈயத்தை அங்கிருந்து அகற்றவும் வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் நிலைத்தன. ஒன்று, நாம் "சக்கர்" என்று சொல்லும் ஈயம் உறிஞ்சி. உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும், முனையில் சூடு தாங்கும் டெஃப்லான் மூக்கும் இருக்கும். பிஸ்டனை அழுத்திப் பூட்டி, ஈயம் உருகிய கணத்தில் பொத்தானைத் தட்டினால், ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, செப்பு இழைகளைப் பின்னிய விக். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உருகிய ஈயத்தை இது இழுக்கும். விக் வாங்க வழியில்லாத மெக்கானிக்குகள் பழைய கேபிளின் மேல் பின்னலை உரித்து, ரோசினில் தோய்த்து, அதையே திரியாக்கிக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள்.

வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று நினைவிருக்கிறதா? பழைய ஈயம் வர மறுத்தால் அதன் மேல் கொஞ்சம் புது ஈயம் வை. எடுக்கத்தானே போகிறோம், எதற்குச் சேர்ப்பது என்று சிரிப்பீர்கள். காரணம் இருக்கிறது. பழைய ஈயத்தின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். புது ஈயத்தில் உள்ள பிளக்ஸ் அதைக் கரைக்கும், சூடும் வேகமாகப் பரவும், எல்லாம் ஒன்றாக உருகி வரும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் உருகும். 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பரவிய காரீயமில்லாக் கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். புதிய போர்டுகளைக் கழற்றுவது ஏன் கடினம் என்று கேட்கும் சர்வீஸ் கடைத் தம்பிகளுக்கு இதுவும் ஒரு பதில்.

இப்போது கதையின் மறுபக்கம். கழற்றுவதைக் கடினமாக்கிய அதே 2.54 மில்லிமீட்டர் இடைவெளிதான், கழற்றவே தேவையில்லாத பலகையையும் தந்தது. இந்த வகை ஐசிகளில் கால்களின் இடைவெளி ஒன்றாகிவிட்டதால், அதே இடைவெளியில் துளைகள் போட்டு உள்ளே ஸ்பிரிங் பட்டைகள் வைத்தால், அத்தகைய ஐசியைச் செருகலாம், எடுக்கலாம். அமெரிக்காவின் இ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ரொனால்ட் போர்ச்சுகல் 1971-ல் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை கோரினார். இன்று உங்கள் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பலகை அதன் வாரிசுதான்.

அதே 1971-ல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் எல்லா ஆண்டும் விளக்கு மினுக்கிய 555 டைமர் ஐசியை ஹான்ஸ் காமன்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அப்போதுதான் வடிவமைத்தார். ஐசியின் உள்ளே ஒரு தவறு நேர்ந்தால் அதை உறிஞ்சி எடுக்க எந்தச் சக்கரும் கிடையாது. அதனால் உதிரி டிரான்சிஸ்டர்களை வைத்தே முழுச் சுற்றையும் வெளியே கட்டிச் சோதித்துப் பார்த்தார். முதல் வடிவம் மதிப்பாய்வில் தேறிவிட்டது. அதற்கு 9 கால்கள் தேவைப்பட்டன. தேறிய பிறகும் யோசித்து, நிலையான மின்னோட்ட மூலத்துக்குப் பதில் ஒரு மின்தடை போதும் என்று கண்டார். ஒரு கால் குறைந்தது, 8 கால் உறையில் அடங்கியது. பாஸ் ஆன விடைத்தாளைத் தானே மீண்டும் திருத்திய மனிதர் என்று அவரை வகுப்பில் சொல்வேன்.

இதெல்லாம் எதற்கு? நம் ஆய்வகத்தில் ஒரு மாணவன் இருந்தான். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை. மற்றவர்கள் அயர்னுக்கு அடித்துக்கொள்ளும்போது இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். ஒருநாள் தனியாகக் கேட்டேன். "ஐசி போயிடுச்சின்னா காசு கட்டணுமே சார்" என்றான். பிரெட்போர்டைக் கையில் கொடுத்து, "இதுல எத்தனை தடவை வேணும்னாலும் பிடுங்கிச் செருகு" என்றேன். அன்று மாலை வாட்ச்மேன் வந்து கதவைப் பூட்டும் வரை அவன் எழுந்திருக்கவில்லை. இன்று ஊரில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

தவறின் விலை அதிகமாக இருக்கும் இடத்தில், அதைக் கொடுக்க முடிந்தவர்கள் மட்டுமே கற்றுக்கொள்வார்கள். பிரெட்போர்டும் சக்கரும் அந்த விலையைக் குறைத்த கருவிகள். எலக்ட்ரானிக்ஸ் வரலாற்றில் டிரான்சிஸ்டருக்குக் கிடைத்த புகழ் இவற்றுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்காட்சிக்குச் செய்யும் பேரப்பிள்ளைகளுக்கு என் பழைய வரிசை இது. முதலில் பிரெட்போர்டில் கட்டி ஓடவிடு. ஓடியதைக் காகிதத்தில் வரைந்துகொள். பிசிபியில் ஐசியை நேரே பற்றவைக்காதே, சாக்கெட் வை. ஐசி இல்லாமல் பேட்டரி கொடுத்து மல்டிமீட்டரில் பார். 555 என்றால் 8-ம் காலில் பிளஸ், 1-ம் காலில் மைனஸ் வருகிறதா? வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசியைச் செருகு. பெட்டிக்குள் வைத்து மூடுவது கடைசி வேலை. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

பரணில் ஓடாத டேப் ரெக்கார்டரோ ரேடியோவோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். கழற்றிப் பழகப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிளக் சொருகாத பெட்டியாக இருக்கட்டும், பக்கத்தில் நீங்களும் இருங்கள். பழைய டிவி மட்டும் வேண்டாம், அதன் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்