கனடியப் பழங்குடி அசையெழுத்துகளின் யூனிகோட் குறியேற்றம்

கிரீ, ஒஜிப்வே, இனுக்டிடுட், கேரியர், டெனே முதலிய கனடாவின் பழங்குடி மொழிகளை எழுதப் பயன்படும் அசையெழுத்துகளுக்கு யூனிகோடில் ஒரே பொதுத் தொகுதி உள்ளது. 'ஒருங்கிணைந்த கனடியப் பழங்குடி அசையெழுத்துகள்' எனப்படும் இது, 1999இல் வெளிவந்த யூனிகோட் 3.0 பதிப்பில் 630 எழுத்துகளோடு இடம்பெற்றது. பின்னர் 2009இலும் 2021இலும் விரிவாக்கப்பட்டது.

மெதடிஸ்ட் மதப்பணியாளர் ஜேம்ஸ் எவன்ஸ், இன்றைய மானிடோபாவிலுள்ள நார்வே ஹவுஸில் 1840இல் இந்த எழுத்துமுறையை வெளியிட்டார். தேவநாகரியும் பிட்மன் சுருக்கெழுத்தும் அவருக்குத் தூண்டுதலாக இருந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிரீ மக்களின் வாய்மொழி மரபோ இதை ஆவி உலகிலிருந்து மிஸ்தனஸ்கோவெவ் என்பவர் பெற்றுவந்த கொடையாகப் போற்றுகிறது. வடிவம் மெய்யொலியைக் காட்டும். அது திரும்பியிருக்கும் திசை உயிரொலியைக் காட்டும். கிரீ மொழியில் ஒரு கோண வடிவம் மேல்நோக்கி நின்றால் 'பி', கீழ்நோக்கினால் 'பே', வலம் பார்த்தால் 'போ', இடம் பார்த்தால் 'ப'.

யூனிகோட் இந்தத் திருப்பத்தைத் தனியே குறிப்பதில்லை. தமிழில் 'பி' என்பது பகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியெண்களால் ஆனது. இங்கோ நான்கு திசைகளுக்கும் நான்கு தனி எண்கள். நெடிலைக் காட்டும் மேற்புள்ளி சேர்ந்த எழுத்துகளுக்கும் தனி எண்களே. எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியதற்கு இதுவே முதற்காரணம்.

கணினிக்கு முன்பே தட்டச்சுப் பொறி இந்த எழுத்துகளைக் குறைத்திருந்தது. இனுயிட் பண்பாட்டு நிறுவனம் இனுக்டிடுட் மொழிக்கு 1976இல் வகுத்த சீர்முறையில், எழுத்துகள் தட்டச்சு உருண்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 'ஐ' வரிசை முழுதும் கைவிடப்பட்டது. கியூபெக்கின் வடக்கிலுள்ள நுனாவிக் பகுதி அதைப் பின்னர் மீட்டுக்கொண்டது. கணினி வந்தபோது நுனாகாம், ப்ரோசில் போன்ற எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் அசையெழுத்துகளின் உருவத்தை வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணத்தைத் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே தெரியும். பழைய தமிழ் எழுத்துருக்களோடு மல்லாடியவர்களுக்கு இந்தத் தொல்லையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

மொழிகள் பலவற்றின் எழுத்துகளை ஒன்றாக்கியதில் சிக்கல்களும் புகுந்தன. வடிவம் ஒன்றாக இருந்தால் ஒலி வேறானாலும் ஒரே எண் என்பது பொதுவிதி. அதனால் இனுக்டிடுட்டின் 'பு' எழுத்து, கிரீ ஒலியின்படி 'போ' என்றே பெயர் தாங்கியுள்ளது. யூனிகோட் விதிப்படி ஒருமுறை சூட்டிய பெயரை மாற்ற முடியாது. அதேவேளை வகர ஒலிக்கான புள்ளியைக் கிழக்குக் கிரீ வழக்கு எழுத்துக்கு முன்னும் மேற்கு வழக்கு பின்னும் இடுவதால், அவற்றுக்கு வெவ்வேறு எண்கள் தரப்பட்டன. ஒரே மொழியின் எழுத்தைப் பிரித்துவிட்டு, வேறுபட்ட மொழிகளின் எழுத்துகளைச் சேர்த்த முடிவு இது என்றே சொல்ல வேண்டும்.

பெரிய இழப்பு நத்திலிக் இனுயிட்டுகளுடையது. நுனாவுட்டின் ஜோவா ஹேவன், தலோயோக், குகாருக் ஊர்களில் பேசப்படும் அவர்களது வழக்கில் மற்ற இனுக்டிடுட் வழக்குகளில் இல்லாத ஒலிகள் உண்டு. அவற்றுக்கான 12 எழுத்துகள் 1999இன் தொகுதியில் இடம்பெறவில்லை. கையால் எழுதிய சொல்லைக் கைபேசியில் அப்படியே அனுப்ப வழியின்றி, வேறு எழுத்தைப் பதிலியாக இட வேண்டியிருந்தது. சிறிய மொழிச் சமூகம் ஒன்று இதற்காக 22 ஆண்டுகள் காத்திருந்தது கொடுமை. நத்திலிக் மொழிக் காவலர்களோடு டைப்போதெக் எழுத்துரு நிறுவனத்தின் கெவின் கிங் இணைந்து முன்வைத்த கோரிக்கையை ஏற்று, 2021இன் யூனிகோட் 14.0 இந்த 12 எழுத்துகளையும் பழைய கிரீ, ஒஜிப்வே நூல்களுக்குரிய நான்கையும் சேர்த்தது. ஆனால் குறியெண் கிடைத்த அன்றே எழுத்து திரையில் தோன்றிவிடாது. எழுத்துருவும் விசைப்பலகையும் ஒவ்வொரு இயங்குதளத்தையும் சென்றடைந்தாக வேண்டும்.