திருமுழுக்கும் இரத்தத் தூய்மையும்

மதமாற்றம் என்றதும் விருப்பமா, கட்டாயமா என்றே விவாதிக்கிறோம். இடைக்கால ஐரோப்பாவில் யூதர்களுக்கு நேர்ந்ததைப் படித்தால், அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பது புரியும். மாறி வந்தவரை உள்ளே இருந்தவர்கள் எப்படி நடத்தினார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும்.

633இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய ஆயர் பேரவை, இனி யூதர் எவரையும் கட்டாயப்படுத்தி மதம் மாற்றக் கூடாது என்றது. ஆனால், மன்னர் சிசெபுத் காலத்தில் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்தவர்களாகவே நீடிக்க வேண்டும் என்றும் விதித்தது. வன்முறையைக் கண்டித்தவர்களே அதன் விளைவைச் சட்டமாக்கினார்கள்.

1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்களைக் கொன்றன. பலருக்கு வலுக்கட்டாயமாகத் திருமுழுக்குக் கொடுத்தன. அப்படி மாற்றப்பட்டவர்கள் தம் மதத்துக்குத் திரும்பலாம் என்று பேரரசர் நான்காம் ஹென்றி மறு ஆண்டு அனுமதித்தார். அவர் ஆதரவில் இருந்த எதிர்த்திருத்தந்தை மூன்றாம் கிளமெந்தே அதை எதிர்த்தார். 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்து இதை இன்னும் இறுக்கினார்: அச்சுறுத்தலுக்கும் சித்திரவதைக்கும் பணிந்து ஏற்றவரும் கிறிஸ்தவரே, கடைசிவரை மறுத்து நின்றவர் மட்டுமே விலக்கு. உயிருக்குப் பயந்து சொன்ன 'சரி' சம்மதமாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. 1267இல் நான்காம் கிளமெந்து, யூத மதத்துக்குத் திரும்பியவர்களைத் தப்பறையாளர்களாகக் கருதி விசாரிக்க உத்தரவிட்டார். நுழைய மட்டுமே வழி இருந்தது, திரும்ப வழியில்லை.

சரி, உள்ளேயாவது சமத்துவம் கிடைத்ததா? 1391இல் ஸ்பெயின் நகரங்களில் நடந்த படுகொலைகளின்போது ஏராளமான யூதர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். சட்டப்படி அவர்கள் முழுக் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் சிலர் அரசுப் பதவிகளுக்கும் திருச்சபைப் பொறுப்புகளுக்கும் வந்தார்கள். அப்போதுதான் இரத்தம் பற்றிய பேச்சு எழுந்தது. 1449இல், அதே தொலேதோவில், பெரோ சர்மியெந்தோ தலைமையில் கலகம் செய்தவர்கள், யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர்கள் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டு அதைக் கண்டித்தார். கண்டனம் நிலைக்கவில்லை, விலக்கல்தான் பரவியது. 1547இல் தொலேதோ பேராலயமே 'இரத்தத் தூய்மை' விதியை ஏற்றது. பதவி கேட்டவர் தம் முன்னோரில் யூதர் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

இந்த ஐபீரிய மண்ணிலிருந்து வந்த போர்த்துகீசியர், இங்கே கண்ட பிறப்புவழிப் பிரிவினைக்கு 'காஸ்டா' என்று பெயரிட்டார்கள். வம்சம் என்று பொருள்படும் அச்சொல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆங்கிலத்தின் 'கேஸ்ட்' அதிலிருந்து வந்ததுதான்.

ஆகவே மாணவத் தோழர்களே, மதமாற்ற வரலாற்றைத் திருமுழுக்கு நாளோடு முடித்துவிடாதீர்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பதவியும் சொத்தும் யாரிடம் இருந்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.