இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிக் கட்டங்கள்

இங்கிலாந்தில் பிள்ளையின் வகுப்பை முடிவு செய்வது பிறந்த தேதி. ஆகஸ்ட் 31க்குள் நான்கு வயது நிறைந்தால் செப்டம்பரில் 'ரிசப்ஷன்' வகுப்பு. அன்று பிறந்த பிள்ளை வகுப்பின் கடைக்குட்டி. மறுநாள் பிறந்தது ஓராண்டு பின்தங்கி, அங்கே எல்லோருக்கும் மூத்தது. கட்டாயக் கல்வி ஐந்து வயதுக்குப் பிறகுதான் என்றாலும் பெரும்பாலான பெற்றோர் அதுவரை காத்திருப்பதில்லை.

1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 'கீ ஸ்டேஜ்' என்ற பகுப்பும் அதோடு வந்ததே. 1, 2ஆம் வகுப்புகள் முதல் கட்டம். 3 முதல் 6 வரை இரண்டாம் கட்டம்.

சோதனைகளில் சுவையானது 1ஆம் வகுப்பின் ஒலிமுறை வாசிப்புச் சோதனை. ஆசிரியர் முன் அமர்ந்து 40 சொற்களை உரக்கப் படிக்க வேண்டும். அவற்றில் பாதி, பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம், அந்தச் சொல் அதன் பெயராம்! மனப்பாடமா, எழுத்துக்கூட்டிப் படிக்கிறதா என்ற குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும். 4ஆம் வகுப்பில் வாய்ப்பாடு: திரையில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி.

6ஆம் வகுப்பின் மே மாதத்தில் 'சாட்ஸ்' தேர்வுகள்: வாசிப்பு, இலக்கணம், கணிதம். 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம்; உச்சம் 120. குறைந்தாலும் மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் தடையில்லை. 2ஆம் வகுப்புத் தேர்வு 2023-24 முதல் கட்டாயமில்லை. ஏழு வயதுக்கு அது அதிகச் சுமைதான்.

ஸ்காட்லாந்தில் இந்தக் கட்டங்களே கிடையாது. அங்கே தொடக்கக் கல்வி 'பிரைமரி 1' முதல் 'பிரைமரி 7' வரை ஏழு ஆண்டுகள்.