நின்ற பிறகும் மூச்சு

நிஜ ரயில் எஞ்சின் நின்றாலும் சும்மா இருக்காது. நீராவி எஞ்சின் புஸ்ஸுபுஸ்ஸென்று மூச்சு விடும், டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். பொம்மை ரயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குத் தண்டவாளத்தில் வரும் கரன்ட்தான் உயிர். கரன்ட் போனால் சத்தமும் போச்சு.

அமெரிக்காவின் லயனல் கம்பெனி ரயில்கள் மூன்று தண்டவாளங்களில், ஏசி மின்சாரத்தில் ஓடுபவை. 1935இல் அவற்றுக்கு விசில் வந்தது. பட்டனை அழுத்தினால் ஏசியோடு கொஞ்சம் டிசியும் கலந்து போகும். எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியில் ஒரு ரிலே அதைக் கண்டுகொண்டு சின்ன மின்விசிறியைச் சுழற்றும். காற்று குழலுக்குள் புகுந்து ஊதும். பேட்டரிக்கு வேலையே இல்லை.

1948இல் எஃப்3 டீசல் எஞ்சின் வந்தபோது கதை மாறியது. டீசலுக்கு விசில் பொருந்தாது, ஹாரன் வேண்டும். ஹாரனுக்கு டிசி வேண்டும். அதனால் எஞ்சினின் வயிற்றுக்குள் ஒரு டார்ச் பேட்டரியை வைத்தார்கள்.

அந்தக் காலப் பேட்டரியில் வெளிக்கூடாக இருந்த துத்தநாகமே எரிபொருளும். கரையக் கரையக் கூடு ஓட்டையாகும், உள்ளே இருக்கும் ரசாயனம் கசியும். பையன் பெரியவனானான், ரயிலைப் பத்திரமாகத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்கள். பேட்டரியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பழைய எஃப்3 வாங்குகிறவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது அரிப்பு இருக்கிறதா என்பதைத்தான்.

1990களில் சிப்பில் பதிவுசெய்த ஒலி வந்தது. இங்கே ஒரு வினோதம். இந்த ரயில்களில் திசை மாற்ற வேண்டுமென்றால் கரன்ட்டைத் துண்டித்து மறுபடி கொடுக்க வேண்டும். துண்டிப்பதுதான் கட்டளை! கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு கட்டளையையும் பிளக்கைப் பிடுங்கிச் சொல்வதுபோல. அந்த ஒன்றிரண்டு நொடி சத்தம் அறுந்துபோகாமல் இருக்க, எம்.டி.எச். போன்ற கம்பெனிகள் ரீசார்ஜ் பேட்டரி வைத்தன. பேட்டரி வலுவிழந்தால் வெறும் சத்தம் மட்டும் போகாது. சில ஆரம்பகால எஞ்சின்களில் சிப்பில் இருந்த தகவலே குழம்பிவிடும். அப்புறம் சிப்பை மாற்றுவதுதான் வழி. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகப் புரியும்: பாதி எழுதும்போது கரன்ட் போவது.

பிறகு அந்த இடத்தில் சூப்பர் கெப்பாசிட்டர்கள் வந்தன. பேட்டரியோடு ஒப்பிட்டால் அவை மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் சேமிக்கும். ஆனால் தேவை சில நொடிகள்தானே? பேட்டரிபோல ரசாயன மாற்றத்தை நம்பி இருக்காததால் பல்லாயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்கும்.

சில நொடி வேலைக்கு, வருடக்கணக்காகக் கூடவே இருக்கும் ஒரு பொருளை உள்ளே வைத்ததுதான் ஆதிப் பிரச்சினை. ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு அது துணை. பரணில் மறக்கப்பட்ட ரயிலை அதுவேதான் தின்றது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பொம்மையோ ரேடியோவோ இருக்கும். இன்றைக்கே இறக்கி, மூடியைத் திறந்து பாருங்கள்.