வள்ளத்து மோட்டர் தானாக நின்று, தானாக ஓடினால்?

கொஞ்சம் நீளமான பதிவு. கடல் தொழில் செய்கிறவர்கள், பாதையிலும் லோஞ்சிலும் ஏறித் திரிந்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. அந்த ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அந்த நாட்களில் தேநீர்க் கடைகளிலும் வகுப்பறையிலும் ஒரு கேள்வி எழுந்தது. இன்றைக்கும் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள்: "சேர், வெகன்ஆர் கார் பிரேக்கை மிதிச்சி நிண்டா எஞ்சின் தானா நிக்கிது. காலை எடுத்தா தானா ஸ்டார்ட் ஆகுது. அதை ஏன் நம்ம வள்ளத்துக்குப் பூட்டேலாது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் இயந்திரப் பாடத்தில் பாதி, நமது குடாவின் வரலாற்றில் மீதி.

முதலில் கார். இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1974இல் டொயோட்டா தனது கிரவுன் காரில் இதைப் பரீட்சித்தது. கார் நின்று ஒன்றரை விநாடியில் எஞ்சின் அணையும். டோக்கியோ நெரிசலில் பத்து சதவீதம் வரை எரிபொருள் மிஞ்சியதாகச் சொன்னார்கள். 1980களில் ஜேர்மனியின் வொக்ஸ்வேகனும் இத்தாலியின் பியட்டும் செய்து பார்த்தன. அப்போது பரவவில்லை. பற்றரியும் ஸ்டார்ட்டரும் உறுதிப்பட்ட பிறகுதான் பல கார்களுக்கும் வந்தது. கொழும்பு நெரிசலில் நிற்கும் காருக்கு இது பொருத்தம். அது அடிக்கடி நிற்க வேண்டியிருக்கும்.

இனி கடலுக்கு வருவோம்.

கொட்டியாரக் குடாவில் எஞ்சின் வருமுன் பாய்தான். பாய் இல்லாத கப்பல் கதி என்ன என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1659 இறுதியில் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் அதைச் சரிசெய்யக் கொட்டியாரத்துக்கு வந்தது. அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடங்களுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்தார். ஓடும் விசை போனால் கடலில் மனிதனுக்குப் போக்கிடம் இல்லை. ஓட்டிகள் எஞ்சினை எளிதில் அணைக்க மாட்டார்கள் என்றால், அந்தப் பயம் எஞ்சினைவிடப் பழையது.

நம் நாட்டு மீன்பிடியில் எஞ்சின் பெரிய அளவில் நுழைந்தது 1958இல் அரசாங்கம் தொடங்கிய இயந்திரமயமாக்கலோடு. மூன்றரைத் தொன் போட் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். உள்ளே டீசல் எஞ்சின். 1967இல் காரைநகரில் நோர்வே உதவியோடு சீநோர் தொடங்கியது, பின்னர் அங்கே கண்ணாடி நார் படகுகள் கட்டினார்கள். பின்புறம் தொங்கும் மோட்டர் பூட்டிய நார்வள்ளம் இன்று மூதூர் தொட்டு நிலாவெளி வரைக்கும் நம் கரையின் அடையாளமாகிவிட்டது.

அந்தக் காலத்துச் சிறு டீசல் எஞ்சின்கள் பலவற்றைக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒருவர் அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பைப் பிடிக்க, இன்னொருவர் கைப்பிடியைச் சுழற்ற, வேகம் பிடித்ததும் நெம்பை விட வேண்டும். வேகம் பிடிக்குமுன் விட்டால் கைப்பிடி திருப்பி அடித்துக் கையை முறிக்கலாம். அப்படியொரு எஞ்சினை ஐந்து நிமிடம் நிற்பதற்காக யார் அணைப்பார்?

இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. இங்கிலாந்தின் கால்வாய்களில் சரக்கேற்றிய குறுகிய படகுகளுக்கு 1912 அளவில் சுவீடனின் பொலிண்டர் எஞ்சின்கள் வந்தன. அதன் தலையிலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் சில நிமிடங்கள் சிவக்கச் சூடாக்கினால்தான் எஞ்சின் பிடிக்கும். அந்தக் கால்வாய்களில் மேடு பள்ளத்துக்குப் படகை ஏற்றி இறக்க மதகுக் கதவுகள் உண்டு. கதவு திறக்கும்வரை படகு காத்திருக்கும். எஞ்சினோ "டொக்… டொக்…" என்று மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கும். அணைத்தால் குமிழ் ஆறும், பிறகு மறுபடி ஊதுவிளக்கு. ஆக, கால்வாய்க்காரரும் நம் ஓட்டியும் ஒரே கணக்குத்தான் போட்டார்கள்: நிற்க வைக்கும் இலாபத்தைவிட மறுபடி ஓட வைக்கும் பாடு பெரிது.

இன்றைய மண்ணெண்ணெய் மோட்டரிலும் அந்தக் கணக்கு முடியவில்லை. இதை கடலுக்குப் போகாத நம் பிள்ளைகள் பலர் அறிய மாட்டார்கள். மண்ணெண்ணெய் மோட்டர் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, கார்பரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பின்தான் அணைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் சட்டென அணைத்தால், சூடு ஆறுமுன் ஒருவேளை பிடிக்கும். ஆறிவிட்டாலோ கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். தானாக நின்று தானாக ஓடும் கருவியை இதில் பூட்டினால், மலிவான எண்ணெயை மிச்சம் பிடிக்க விலை கூடிய பெற்றோலைச் செலவழிப்போம். பெரும்பாலான சிறு வள்ளங்களில் பற்றரியும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை என்பது வேறு கதை.

எண்ணெய் மட்டுமல்ல, தண்ணீரும் ஒரு காரணம். காருக்குப் பிரேக் இருக்கிறது. எஞ்சின் அணைந்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். படகுக்குப் பிரேக் கிடையாது, பின்னோக்கிச் சுழலும் காற்றாடிதான் பிரேக். மார்கழி மழையில் மகாவலி பெருகிக் குடாவில் விழும்போது, எஞ்சின் அணைந்த படகை நீரோட்டம் கேட்டுக்கொண்டா இழுக்கும்? மோட்டர் பூட்டிய பாதை கரையில் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்து ஆட்களை இறக்கும் நேரத்திலும் எஞ்சின் வேலை செய்துகொண்டே இருக்கிறது. வெளிப் பார்வைக்கு அது "சும்மா" ஓடுகிறது.

அதைவிடப் பெரிய விசயம் காற்றாடி. காரில் பிரேக்கிலிருந்து கால் எடுத்தால் எஞ்சின் தானாக உயிர்க்கிறது. வள்ளத்தில் ஒருவர் காற்றாடியில் சிக்கிய வலையைக் கையால் விடுவித்துக்கொண்டிருக்கும்போது அப்படி உயிர்த்தால்? அதனால்தான் மோட்டர் செய்கிறவர்கள் நேரெதிராகச் செய்து வைத்திருக்கிறார்கள். கியரில் கிடந்தால் இந்த மோட்டர்கள் ஸ்டார்ட்டே ஆகாதபடி பூட்டு இருக்கிறது. ஆனால் தானாக நிற்க ஒரு வழி உண்டு. ஓட்டியின் கையில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு. ஓட்டி கடலில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் அணையும். கடலில் எஞ்சின் தானாக நிற்கலாம், தானாக ஓடத் தொடங்கக் கூடாது. இந்தக் கயிறு எத்தனை வள்ளங்களில் கையில் மாட்டப்படுகிறது, எத்தனையில் மோட்டரிலேயே சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இறங்குதுறைக்குப் போய் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் மிச்சம் பிடிக்கவே வழியில்லையா? இருக்கிறது, வேகத்தில். ஆறமரப் போகும் படகு ஒன்று பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தால், எஞ்சின் கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நீரின் மேல் தூக்கி எழும்பி ஓடும் நார்வள்ளத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. லோஞ்சுக்கும் பாதைக்கும் பொருந்தும். வள்ளத்தை நன்றாகக் கட்டிவிட்டு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டுமானால் கையால் அணைப்பதிலும் தப்பில்லை.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, பாதைக்காகக் காத்திருந்த காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட நம் உறவுகளை இழந்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அதை எஞ்சின் கதையோடு நாம் சேர்க்கவில்லை. ஆனால் பிள்ளைகளைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோகும் எதையும் பற்றிப் பேசும்போது, மிச்சம் பிடிக்கும் எண்ணெய்க்கு முன் அந்தக் காலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் 2017 ஜனவரியிலிருந்து 75 பேர் ஏறும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது. காயலைக் கடக்கும் குறுகிய பயணம், நமது இறங்குதுறைகளைப் போல. மின்மோட்டருக்குச் சும்மா ஓடுதல் என்பதே கிடையாது. கைப்பிடியைத் திருப்பினால் சுற்றும், விட்டால் நிற்கும். பிள்ளைகள் கேட்ட காரியம் அங்கே கருவி எதுவும் பூட்டாமலே நடக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் வள்ளத்துக்கு அது இன்றைக்குச் சரிவராது, பற்றரியின் பாரமும் விலையும் விடாது. பாலம் இல்லாத குறுகிய கடவைக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். பிரதேச சபையில் இருக்கும் நம் உறவுகள் யாராவது இதை வாசித்தால், வைக்கத்துக் கணக்கை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள்.

பழைய மூதூர் லோஞ்சின் எஞ்சின் அறைக்குள் வேலை செய்த மூத்தவாப்பாமார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்த எஞ்சினை எப்படி ஸ்டார்ட் பண்ணினார்கள் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த தவணைக்கு வகுப்பில் காட்ட வேண்டும்.